மூன்று நாள் கைக்கு வந்த லென்ஸ்

வெள்ளிக்கிழமை மாலை, செம்பூரில் மகாதேவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்த லென்ஸைக் கையில் வாங்கியதும் விஜயராணி கேட்டுவிட்டாள்.

"என்ன சார், அம்மிக் குழவி மாதிரி கனக்கு?"

"கிட்டத்தட்ட ஒரு கிலோ" என்றார் மகாதேவன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கேமராப் பக்கம் வந்து, ஆசை ஆசையாக எல்லாம் வாங்கிப் போட்டிருந்தார். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். அவர் மகள் வளைகாப்பில் படம் எடுத்தவள் விஜயராணி என்பதால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். "மூணு நாள் வச்சுண்டு பாருங்கோ. பிடிச்சா எடுத்துக்கலாம். திங்கட்கிழமை பதில் சொன்னாப் போறும்."

விஜயராணிக்கு நாற்பத்து மூன்று வயது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. பத்தாவது முடித்ததும் மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டப் போனவள். ஒரு சடங்கு வீட்டில், "பொம்பளப் பிள்ளைய ஆம்பள வந்து போட்டோ எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட, முதலாளி வேறு வழியில்லாமல் கேமராவை இவள் கையில் கொடுத்து அனுப்பினார். அன்று தொடங்கியது. சடங்கு, வளைகாப்பு, கல்யாணப் பெண் அலங்காரம், வரன் பார்க்கக் கொடுக்கும் படம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இரண்டு வருடமாக வலது கட்டை விரலின் அடியில் ஒரு வலி. கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். எந்தக் கிழமையில் என்று அவர் சொல்லவில்லை.

இந்த லென்ஸைப் பற்றி அவளாக நினைத்திருக்க மாட்டாள். வருகிறவர்கள் நினைக்க வைத்தார்கள். போனில் ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இந்த மாதிரி முகம் மட்டும் பளிச்சுன்னு, பின்னாடி எல்லாம் கரைஞ்சு போன மாதிரி வேணும்" என்பார்கள். அவளுடைய பழைய லென்ஸில் அது அரைகுறையாகத்தான் வரும். வழக்கமாக வருகிற இரண்டு குடும்பங்கள் போன வருடம் நெருளில் வேறொரு போட்டோக்காரரிடம் போய்விட்டன. இந்தக் கனத்த லென்ஸுக்கு அதுதான் வேலை. மங்கலான வெளிச்சத்திலும் பிளாஷ் இல்லாமல் முகத்தை அள்ளிக்கொடுக்கும். மற்றதை எல்லாம் மெழுகாக உருக்கிவிடும்.

சனிக்கிழமை காலை கோகிலவாணிக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நாலு சந்து தள்ளி வீடு. மாட்டுங்காவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற பெண். முப்பத்தொரு வயது. ஆறு வருடமாக வரன் பார்க்கிறார்கள். அம்மா சீனியம்மாள் வாசலிலேயே காத்திருந்தாள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. கட்டில், பீரோ, சிலிண்டர் போக மீதி இடத்தில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தால் கோகிலாவின் மூக்கும் ஒரு கண்ணும்தான் உள்ளே வந்தன. விஜயராணி பின்னாலேயே நகர்ந்து, வாசற்படி தாண்டி, சந்தில் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு முட்ட நின்றாள்.

"என்ன விஜயா, வெளிய போய் நின்னு என்ன பண்ணுத?" என்றாள் சீனியம்மாள்.

"இதுக்குத் தூரம் வேணும் சித்தி. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

கோகிலா வாசலில் வந்து நின்று சிரித்தாள். தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி குறுக்கே போனாள். பிறகு ஒரு ஸ்கூட்டர். பிறகு தோல் கட்டுகளைத் தலையில் சுமந்து இரண்டு பேர். ஒவ்வொரு தடவையும் கேமராவை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கட்டை விரல் சுருக்கென்றது. கோகிலாவும் எத்தனை தடவைதான் சிரிப்பாள்?

"அக்கா, எனக்கு இது எத்தனாவது போட்டோ?"

"நான் எடுத்தது இதோட மூணு."

"வெளிய எடுத்தது ரெண்டு. ஆச்சு, அஞ்சு." அவள் நிலைக்கட்டையில் சாய்ந்துகொண்டு, எங்கேயும் பார்க்காமல் நின்றாள். சந்து அப்போதுதான் காலியாக இருந்தது. விஜயராணி எடுத்தாள்.

அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னால் இருந்த சிலிண்டரும் துணிக்கொடியும் வெறும் நிறமாகக் கலங்கிப் போயிருந்தன. நடுவில் கோகிலாவின் கண்கள். ஆறு வருடத்து அலுப்பும் அதில் இருந்தது. ஆனாலும் அழகாக இருந்தாள். இத்தனை நாளில் இந்தப் பெண்ணைத் தான் சரியாகப் பார்த்ததே இல்லையோ என்று விஜயராணிக்குத் தோன்றியது.

சீனியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"கம்மல் எங்க? நேத்து கடையில மாத்திட்டு வந்த கம்மல், பூசணம் பிடிச்ச மாதிரில்லா இருக்கு. ஆளும் சோந்து போயிருக்கா. இத அனுப்புனா பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லையான்னு கேப்பாங்க."

சொன்னதில் தப்பில்லை. லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் கண் தெளிவாக இருக்கும், காது வரை போவதற்குள் கலங்கிவிடும். திறப்பைக் குறைத்தால் கம்மலும் தெரியும். ஆனால் அப்படி எடுக்கப் பழைய லென்ஸே போதுமே, இந்தக் குழவியை எதற்குத் தூக்க வேண்டும்? விஜயராணி அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, அறைக்குள்ளேயே பீரோ முன்னால் ஒரு போர்வையைக் கட்டி, பழைய லென்ஸில் கம்மலும் பட்டுக்கரையும் தெரிய எடுத்துக்கொடுத்தாள். அம்மாவுக்குத் திருப்தி.

கிளம்பும்போது கோகிலா சந்து முனை வரை வந்தாள். "அந்த மொதப் படத்த எனக்கு மட்டும் அனுப்புங்கக்கா. அம்மாவுக்கு வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு வளைகாப்பு. சிறிய மண்டபம், நிறைய கூட்டம். ஒரு நல்ல படம் கிடைத்த தெம்பில் விஜயராணி இந்த லென்ஸையே மாட்டிக்கொண்டு போனாள். மாமியார் முதல் வளையலைப் போட வந்தபோது பின்னால் நகர இடமில்லை. நாற்காலிகள், அதன்மேல் அத்தைமார்கள். கிடைத்த இடத்திலிருந்து எடுத்தாள். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது பெண்ணின் இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. வளையலும், அதைப் போட்ட கையும் புகையாக இருந்தன. அந்த வீட்டாருக்கு வேண்டியது வளையல்தான். நல்லவேளை, இரண்டாவது சுற்றுக்குப் பழையதை மாட்டியிருந்ததால் ஆல்பம் தப்பியது.

அன்று சாயங்காலம் பருப்பு டப்பாவின் மூடியைத் திருக அவளால் முடியவில்லை. கணவன் இசக்கிராஜ் வாங்கித் திறந்து கொடுத்தான். பை தைக்கிற பட்டறையில் வேலை அவனுக்கு. தையல் மெஷின்களைப் பற்றித்தான் அவனுக்குத் தெரியும்.

"வாங்கலாமா வேண்டாமா? நீ சொல்லு" என்றாள்.

"என்கிட்ட கேட்டா? தூக்கப் போறது நீ." மூடியை மேடையில் வைத்துவிட்டு, "அந்தக் கோகிலா படம் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அதுதான் சிக்கல். படம் மோசமாக வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். நாள்காட்டியைப் புரட்டினாள். வருகிற மாதங்களில் எல்லாமே கூட்டமுள்ள விசேஷங்கள். ஓர் ஆளை நிதானமாக நிறுத்தி, தள்ளி நின்று எடுக்கிற வேலை வருடத்துக்கு ஏழோ எட்டோ வரும். அந்த ஏழெட்டுக்காக மற்ற நாளெல்லாம் ஒரு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி இறங்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டுப் போனால், வாங்கியதை வைத்துவிட்டு வந்தோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். யோசித்து யோசித்து அலுத்துப் போய், பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை குர்லாவில் வண்டி மாறும்போது கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கம்பியில் மோதவிட்டது. வலிக்கிற கையால் பையை அணைத்துக்கொண்டாள். அடுத்தவர் பொருள் உடைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் செம்பூர் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கியபோது முடிவாகிவிட்டிருந்தது.

"வேண்டாம் சார்" என்றாள். "லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. என் கைதான் கேக்க மாட்டேங்கு. நான் நிக்கிற எடத்துல இதுக்கு எடமும் இல்ல."

மகாதேவன் வருத்தப்படவில்லை. "நானும் ஸ்ரீலேகாவ இதுல ரெண்டே தடவதான் எடுத்தேன்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஸ்ரீலேகா, "சுருக்கம் எல்லாம் தெரியறதுன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள். காபி வந்தது. விஜயராணி இடது கையால் குடித்தாள்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்து நடந்தபோது தோள் லேசாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

கோபர்கைரனேயில் கல்யாண வீடியோ எடுக்கும் அல்தாப் என்பவர் அடுத்த மாதமே அதை வாங்கிக்கொண்டார். கம்மல் தெரிந்த படம் மூன்று வீடுகளுக்குப் போனது. ஒரு வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. மற்றப் படத்தைக் கோகிலா தன் வாட்ஸப்பில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் யார் எடுத்தது என்று கேட்டார்களாம். அந்த மாதிரிப் படம் வேண்டும் என்று வந்த இரண்டு பேரிடம், அந்த லென்ஸ் இப்போது தன்னிடம் இல்லை என்று விஜயராணி உண்மையைச் சொன்னாள்.

மழைக்காலத்தில் வேலை குறைந்தபோது, அதே வகையில் சின்னதாக, பாதிக் கனம்கூட இல்லாத ஒரு பழைய லென்ஸை வாங்கினாள். பின்னணி அந்த அளவுக்கு உருகுவதில்லை. வாடிக்கையாளர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கை வலி போகவில்லை, ஆனால் கூடவும் இல்லை. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கே மூன்று வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.