ஆணி அடிக்காத ஜெபக்கூடம்

ஈப்போவில் மறுபடியும் வீடு மாறுகிறோம். கட்டிலின் போல்ட்டைத் திருகியதும் துருவும் கிரீஸும் கலந்த வாசனை எழுந்தது. நினைவில், எழுபதுகளின் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் போய் நிற்கிறேன்.

அங்கே ஜெபக்கூடம் கட்டியபோது ஆணியே கூடாது, எல்லாம் போல்ட்டுதான் என்று அடம்பிடித்தாள், பால்மரம் வெட்டும் சாராள் அத்தை.

"ஆணி அடிச்சா நூறு வருசம் நிக்கும்லா," என்றார் தச்சுவேலை பார்த்த யோசேப்பு மாமா.

"தோட்டம் தொரையோடது அண்ணே. போன்னா போவணும். வனாந்தரத்துல ஆண்டவரே கழட்டி மாட்டுற கூடாரத்துலதான் இருந்தாரு. ஒங்களுக்கு மட்டும் அஸ்திவாரம் கேக்குதோ?"

மாமா முனகிக்கொண்டே துளை போட்டார்.

எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. கூடத்தை இடிக்க ஆட்கள் வருவதற்குள், மாமாவே ஸ்பானரோடு ஏறி, பலகை பலகையாகக் கழற்றி லாரியில் அடுக்கிவிட்டார். அந்த ஞாயிறு தாப்பாவில், ஒரு வீட்டு வாசலில், மறுபடி மாட்டிய அதே கூரைக்கடியில் பாடினோம். மாமாவின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.

"இன்னும் எத்தனை வீடுப்பா மாறுவோம்?" என்கிறாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு.

கழற்றிய கட்டில் போல்ட்டுகளை அவள் கையில் கொட்டுகிறேன்.

"எத்தனையா இருந்தா என்னலா? இதத் தொலைக்காம வச்சுக்க."