பயிர் சாயாத வழி

பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு கறுப்பினக் கவிஞரின் கவிதை பாடமாக இருந்தது. அமெரிக்காவில் பருத்திக்காட்டில் உழைத்துத் தேய்ந்த ஒருவர், தன் பேரப்பிள்ளைகள் யாருக்கும் ஒதுங்காமல் சாலையின் நடுவில் நடக்கும் நாள் வரும் என்கிறார். அவ்வளவுதான் கவிதை. நாகப்பட்டினத்திலிருந்து பஸ் கீழ்வேளூர் வருவதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அப்பாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பா பண்ணையாள். நாற்றுப் பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவங்கள்ல யாராச்சும் செத்தா எந்த வழியா தூக்கிட்டுப் போவாங்க?"

"அதெல்லாம் இதுல இல்லப்பா."

"அத எழுதாம என்னடா கவித?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "என்னைய தெரு வழியா தூக்கிட்டுப் போடா. வயல்ல எறக்கிடாத."

எங்கள் பிணங்கள் ஊர்த்தெருவில் போகக்கூடாது. சுடுகாட்டுக்கு வயலில் இறங்கித்தான் போகவேண்டும். வரப்பில் பாடை தூக்கிக்கொண்டு நாலு பேர் நடக்க முடியாது. ஆட்சி மாறி, சுவரெல்லாம் சமத்துவம் என்று எழுதியாகிவிட்டது. நில உச்சவரம்புச் சட்டமும் வந்தது. அப்பா வேலைபார்த்த மிராசுதார் பாதி நிலத்தைத் தன் வீட்டு மாட்டுக்காரன் பெயரில் எழுதிவைத்துவிட்டு, கரைவேட்டி கட்டிக்கொண்டு மேடையேறிச் சமத்துவம் பேசினார். வழி மட்டும் மாறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி மழையில் அப்பா செத்துப்போனார். பாடையைத் தெருமுனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஊர்க்காரர்கள் கம்புகளோடு நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "படிச்ச புள்ள நீ. இன்னிக்கு வழக்கப்படி போயிடு தம்பி, அப்புறம் பேசிக்கலாம்." எனக்குப் பின்னால் பெண்களும் குழந்தைகளும் நின்றார்கள். நான் திரும்பிவிட்டேன்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனவன் நான்தான். முழங்கால் சேறு. அம்மாவும் மற்ற பெண்களும் நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர். என் கால் தானாகவே நாற்றுக் குத்துக்கும் குத்துக்கும் நடுவில் இடம் தேடி இறங்கியது. பயிரை மிதிக்கக்கூடாது என்று நடைபழகும்போதே பழகிய கால். பாடை தூக்கியவர்களும் என் தடம் பார்த்தே கால் வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இடம் தேடியதில் பாடை சாய்ந்தது. மழையில் நெகிழ்ந்திருந்த கட்டு அவிழ்ந்து அப்பா சேற்றில் விழுந்தார். அவரை எடுத்துக் கிடத்தும்போதும் என் சித்தப்பா, "பயிரு, பயிரு, பாத்து" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை.

மறுநாள் பால் தெளிக்கப் போனேன். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லடா, ஒரு குத்துகூட சாயல. நல்லவங்கடா நீங்க" என்றார்.

பாராட்டுத்தான். அதைவிட செருப்பால் அடித்திருக்கலாம்.

பிற்பாடு கல்லூரியில் நானே அந்தக் கவிதையைப் பல வருஷம் நடத்தினேன். நம்பிக்கையைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். சாலையின் நடுவில் நடக்கும் அந்த வரி வரும்போது மட்டும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டேன். கம்புக்குப் பயந்து திரும்பியதற்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தப் பயிரை மிதித்துக்கொண்டு போகாததைத்தான் மன்னிக்க முடியவில்லை.