ஃபைல் மட்டும் மலையேறிய நாள்

இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகு நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை, எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருவில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. கண்ணில் பட்டால் கேட்பார்கள்: “இன்னாபா, வேலை இன்னா ஆச்சு?” அதற்குப் பயந்து கொல்லைப்புறமாகவே போய்க் கொல்லைப்புறமாகவே வருவேன். தெருநாய்கூட என்னைத் திருடன் என்று முடிவு கட்டியிருந்தது.

அப்பா கரும்பு வெட்டும் கூலி. பேச்சு கம்மி. ஒருநாள் புதிதாக ஒரு வெட்டுக்கத்தி வாங்கிவந்து, கூரையில் செருகிவைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் படுத்தால் நேரே கண்ணுக்கு மேல் அதுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலைமேல் ஒரு தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அறிவியல் வாத்தியார் வேலை. ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரவேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, சமயத்தில் கைக்குழந்தை என்று எதையாவது போட்டு இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். போட்டவருக்கே இடம், அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அன்று என்னிடம் துண்டு இல்லை. “இன்டர்வியூக்குப் போறவன் துண்டோடயா போவான்?” என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். கையில் இருந்தது ஃபைல். நான் படித்தவன் என்பதற்கு உலகத்தில் இருந்த மொத்த சாட்சியும் அதற்குள். வீசினேன். குறி தப்பாமல் சீட்டில் விழுந்தது. அதில் ஒரு பெருமை வேறு.

ஆனால் வாசலில் மூட்டைகளும் முதுகுகளும். ஒரு காலை வைத்தேன்; வைத்த வேகத்தில் அது கீழே வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

“அண்ணே, என் ஃபைலு உள்ள கீது!”

“ஃபைலுக்கு டிக்கெட் கேக்க மாட்டேன், நீ அடுத்த வண்டில வா!”

பஸ் போய்விட்டது. என் சான்றிதழ்கள் இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டன, நான்தான் பாக்கி. கச்சிராயபாளையம் சாலையில் செருப்பு அறும்வரை ஓடினேன். உரமூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வேன் பக்கத்தில் வந்து நின்றது.

“இன்னாபா, பொண்டாட்டி ஓடிப்பூட்டாளா?” என்றார் டிரைவர்.

“இல்லண்ணே, சர்டிபிகேட்டு.”

“அதுக்கா இப்டி அழுவுற? ஏறு.”

உரமூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பயம். ஜன்னல் காற்றில் பறந்திருக்குமோ? மலை பஸ்ஸில் வாந்தி சகஜம். துடைக்கக் காகிதம் தேடுவார்கள். என் பட்டமோ நல்ல கெட்டிக் காகிதம். வழியில் தென்பட்ட சாமிக்கெல்லாம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். செய்யவில்லை. சாமிகளே பொறுக்க மாட்டாமல் இத்தனை வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. என் முன்மண்டையைப் பார்த்தால் தெரியும்.

மேலே பஸ் நின்றுகொண்டிருந்தது. காலி பஸ்ஸில், போட்ட இடத்தில், போட்டபடியே ஃபைல். பக்கத்தில் ஒரு அம்மா தினைமூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

“ஃபைலுக்காரன் நீதானா? உன் எடத்த விட்டுட்டு நான் நின்னுக்கினே வந்தேன். எங்க போய்ட்ட?”

“பின்னாடி வந்தேன்கா.”

“பின்னாடின்னா, பஸ்ஸுக்குப் பின்னாடியா?”

பள்ளியில் அதே வேலைக்கு எனக்கு முன்பே இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதே பஸ்ஸில், ஜன்னலோரம், உட்கார்ந்து வந்த பாக்கியவான்கள். கொண்டை ஊசி வளைவுகள் அவர்களைப் பிழிந்து எடுத்திருந்தன. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், கீழே போகிற பஸ் எப்போது என்று என்னிடமே கேட்டார். சற்று நேரத்தில் இரண்டு பேரையும் காணவில்லை.

தாளாளர் என் சட்டையிலிருந்த உரத்தூளைப் பார்த்தார். இயற்பியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“மலையேறுனா தலை சுத்துமா?”

“சுத்தாதுங்க.” திறந்த வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு எதற்குச் சுற்றப்போகிறது? சுற்றியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

“திங்கட்கிழமை சேர்ந்துடு,” என்று கையை நீட்டினார். நான் குலுக்கினேன்.

“அட, ஃபைலக் குடுப்பா. ஒரிஜினல் எல்லாம் இங்கயே இருக்கட்டும். வர்றவனுங்க எல்லாம் நடுவுல ஓடிப்பூடறானுங்க.”

காலையிலிருந்து எதற்காகச் செத்துச் செத்துப் பிழைத்தேனோ, அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி திரும்பிய சத்தத்தில்தான் முதல்முறையாக எனக்குத் தலை சுற்றியது.

சாயங்காலம் இறங்கும் பஸ் வந்தது. ஜன்னலுக்குள் போட என்னிடம் ஒன்றுமே இல்லை. நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

வேலை கிடைத்ததையும், ஃபைலை அங்கேயே பூட்டி வைத்துக்கொண்டதையும் சொன்னதும் அப்பா தலையாட்டினார். நான் கூரையில் இருந்த கத்தியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“அதுவும் இங்கயே இருக்கட்டும்டா,” என்றார்.