சவரிமுத்துவின் சட்டை

கோடை வெயிலில் எங்கள் பக்கத்து ஆம்பளை வீட்டுக்குள் சட்டை போடுவானா? மாட்டான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாணார்பட்டிப் பக்கம் என் சிநேகிதன் சவரிமுத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவனோ சட்டையை மேல் பட்டன் வரை போட்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான்.

காரணம் தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான்.

சவரிமுத்து தக்காளி போடுகிறவன். மருந்தடிக்கும் டேங்க்கை முதுகில் மாட்டினால் அதன் வார் இடது மார்பில் அழுந்தும். அந்த இடத்தில் ஒரு கட்டி. வார் அழுத்திக் காய்த்துவிட்டது என்று அவனே முடிவு செய்து, வாருக்குத் துண்டைச் சுற்றினான். கட்டி வளர்ந்தது... துண்டையும் தடிமனாக்கினான். மார்புக் காம்பில் ரத்தம் கசிந்த பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சிஸ்டர் அவன் மனைவி ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார். "நீங்க வாங்கம்மா. ஆம்பளைக வெளிய இருங்க."

"எனக்கில்லங்க" என்றாள் ஆரோக்கியம்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். என் உடல்வாகுக்கு அது நியாயமான சந்தேகம்தான்.

மார்பகப் புற்றுநோய். ஆணுக்கும் வரும் — அபூர்வமாக. மார்பை எடுத்துவிட்ட டாக்டர், "பொம்பளப் பிள்ளை இருந்தா சொல்லி வைங்க. ரத்த சொந்தத்துக்கும் வரலாம்" என்றார்.

சொன்னானா? ஊருக்கு நெஞ்சுவலி என்று சொன்னான். ஹார்ட் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டே! மகளிடம் சொன்னதும் அதே நெஞ்சுவலிதான்.

"பொம்பள வியாதி எனக்கு வந்துச்சுன்னு எப்படிடா சொல்ல? கோயில்ல பின்னாடி நின்னு சிரிப்பானுக."

திட்டிப் பார்த்தேன். மேல் பட்டன்தான் இறுகியது.

அந்த ஞாயிறு, மகள் ஜெனிட்டா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். ஆரோக்கியம் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் ஜெனிட்டா தன் அத்தையிடம் — சவரிமுத்துவின் அக்காவிடம் — சொல்வது கேட்டது.

"அத்தே, மாருல கல்லு மாதிரி இருக்கு. வலிக்கவும் இல்ல."

"பால் கட்டுதுடி. மாசமா இருந்தா அப்படித்தான். உங்கம்மாகிட்டச் சொல்லிப் பயங்காட்டாத."

ஆரோக்கியத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

சவரிமுத்து எழுந்தான். கை கழுவவில்லை. அடுக்களை வாசலில் நின்று, குழம்புக் கையோடு பட்டன்களைக் கழற்றினான். ஒரு பக்கம் தட்டையாக, அக்குள் வரை தழும்பு.

"ஏத்தா, அப்பனுக்கு நெஞ்சுவலி இல்ல. இதான். வார் அழுத்துதுன்னு நானும் சும்மா கெடந்தேன். நீ கெடக்காத."

"ஏலே சவரி, என்னலே இது?" என்றாள் அக்கா.

"நீயும் வரணும்க்கா. ஒனக்கும் பாக்கணும்."

ஜெனிட்டா ஒன்றுதான் கேட்டாள். "ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"



ஊசி குத்திப் பார்த்ததில் அவளுக்கும் அதேதான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஆபரேஷன் செய்யலாமாம்; இந்த மாதத்தில் சில மருந்துகளும் ஏற்றலாமாம். கரன்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, மட்டும் பிரசவத்துக்குப் பிறகு. பிழைப்பாளா? "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

நாளை காலை ஆபரேஷன். வார்டு வராந்தாவில் சவரிமுத்துவிடம், இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரப் போட்டே எழுதுடா. சிரிக்கிறவன் சிரிச்சுட்டு, வீட்ல போய் சட்டையக் கழட்டிப் பாக்கட்டும்."

நான் சிரிக்காமலே என் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டேன்.