குசினிக்குள் இருத்திய பிள்ளை

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டமாக என்னை வேலணைத்தீவில் நாரந்தனைப் பக்கத்து முன்பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் பிள்ளைகளோடு வேலை செய்து பழக வேண்டும். முடிவில் யாழ்ப்பாணத்திலிருந்து விரிவுரையாளர் ஒருவர் வந்து, நான் வகுப்பு நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போடுவார்.

அங்கே பொறுப்பாக இருந்த ரீச்சர் விளையாட்டுச் சாமான்களைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்று பார்ப்பார்கள். காய்ந்த சளியை ஈரத்துணியால் துடைப்பதுதான் என்னுடைய காலை வேலை.

“எடுத்துக் குடுத்தா ஒரு கிழமையிலை உடைச்சுப்போடுங்கள், பிள்ளை. ஆக்கள் வந்தாக் காட்ட வேணுமெல்லே” என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் துடைத்தேன்.

பரீட்சை நாளுக்கென்று கோதுமை மாவில் உப்பும் மஞ்சளும் எண்ணெயும் விட்டுக் குழைத்துக் கொண்டுபோனேன். பிள்ளைகள் உருட்டியும் தட்டியும் விரும்பியதைச் செய்யலாம். பாயில் வட்டமாக இருத்தும்போது ஒருவனைக் காணவில்லை. நெடுந்தீவிலிருந்து தாயோடு புதிதாக வந்திருந்த நாலு வயதுப் பையன், அதிகம் பேசமாட்டான். காலையில் தாய் அவனைக் கொண்டுவந்து விட்டதை நானே பார்த்திருந்தேன்.

“அவன் எங்கை, ரீச்சர்?”

“உள்ளுக்கை இருக்கிறான். விடும். பாடத்தைக் குழப்பிப்போடுவான்.”

பின்னால் கஞ்சி காய்ச்சுகிற குசினிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அவன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். வயிற்றாலை போயிருந்தது. காற்சட்டை, தொடை, சீமெந்துத் தரை எல்லாம் அதுதான். ஈக்கள் மொய்த்தன. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாசலில் திரும்பி நின்று மூச்சை அடக்கினேன். மறுபடி பார்த்தபோதுதான் அவனுடைய கையில் பிஸ்கற் இருப்பதைக் கண்டேன். சத்தம் போடாமல் இருக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவன் அந்தக் கையாலேயே தின்றுகொண்டிருந்தான். அதைக் கண்டபின் எனக்கு அவனிடம் அருவருப்பில்லை. அது முன்னறையில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ரீச்சரின் பக்கம் போய்விட்டது.

கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். மாற்றுக் காற்சட்டை இல்லை. என் துவாயை இடுப்பில் சுற்றி வகுப்புக்குள் கொண்டுவந்து என்னருகில் இருத்தினேன். விரிவுரையாளர் அதற்குள் வந்து கதிரையில் இருந்தார். அலுமாரி திறந்திருந்தது. பொம்மைகள் மேசைமேல் வரிசையாக நின்றன.

“உந்தப் பிள்ளைக்கு என்ன?” என்று மூக்கில் லேஞ்சியை வைத்தபடி கேட்டார்.

ரீச்சர் முந்திக்கொண்டார். “வீட்டிலை கவனிக்கிறேல்லை. தீவாலை வந்த சனம், அப்பிடித்தான்.”

வேலணைத்தீவில் இருந்துகொண்டு அவர் அப்படிச் சொன்னார்.

“இல்லை மிஸ், நீங்கள் வாறீங்களெண்டு குசினிக்குள்ளை இருத்தி வைச்சவ” என்றேன்.

விரிவுரையாளர் பேனையின் மூடியைக் கழற்றினார். “அது உங்கடை உள்வீட்டுப் பிரச்சினை. நீர் பாடத்தைத் தொடங்கும்.”

பாடம் நடந்தது. பையன் மாவைத் தொடவில்லை. முடிந்ததும் ரீச்சரும் விரிவுரையாளரும் பற்றீஸ் சாப்பிட்டு, சோடா குடித்து, யாருடையதோ கலியாணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். பற்றீசின் எண்ணெய் அவர்களுடைய விரல்களில் மினுங்கியது. தட்டை வாங்காமல் வெளியே போய் வாசல் படலையடியில் நின்றேன்.

மதியம் தாய் வந்தார். நடந்ததைச் சொன்னேன். துவாய் சுற்றிய மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“இண்டைக்கு மட்டுமோ, தங்கச்சி?”

“எனக்குத் தெரியாதக்கா. பயிற்சி வகுப்பு நாளிலை நான் இங்கை வாறேல்லை.”

“‘குசினி வேண்டாம், குசினி வேண்டாம்’ எண்டு காலமையிலை அழுவான். எங்கடை வீட்டுக் குசினியைச் சொல்லுறானெண்டு நினைச்சன். பள்ளிக்குப் போகாமல் நடிக்கிறானெண்டு அடிச்சும் போட்டன்.”

அவர் உள்ளே போகவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. பையனுடைய தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துத் தரச்சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவனை அவர் அங்கே அனுப்பவேயில்லை.

எனக்கு ‘வகுப்பறை முகாமைத்துவம் போதாது’ என்று எழுதி, சித்தியில்லை என்றார்கள். மறுபடி செய்ய வேணுமென்றால் அங்கேயே செய்யலாம் என்றும் சொன்னார்கள். ஏலாது என்று சொல்லி, வேலணையில் வேறொரு முன்பள்ளி கேட்டு வாங்கினேன்.