கயிறு தொங்கிய தூண்

காலை ஆறே முக்காலுக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். ஐந்தரைக்கே சேர்ந்துவிடும் என்று திருகோணமலையில் சொல்லித்தான் ஏற்றினார்கள். பஸ்காரர் சொல்லும் நேரத்தை நம்புகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டதால் கோபம் வரவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் கடற்கரைக்குப் போகிற தெரு ஒன்றில் எனக்குத் தேநீர்க்கடை இருக்கிறது. இனிக் கடைக்குள் யாரும் புகைக்க விடுவதில்லை, சிகரெட்டும் விற்பதில்லை என்று எங்கள் தெருக் கடைக்காரர்கள் முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் எழும்பி எதிர்த்துக் கதைத்தவன் நான் ஒருவன்தான். "யாழ்ப்பாணத்துப் பக்கம் செய்துபோட்டினம். போய்ப் பார்த்திட்டு வந்து கதை" என்றார்கள். நொடித்துப்போன கடை ஒன்றையாவது பார்த்து வந்து இவர்களுடைய வாயை அடைக்கலாம் என்று கிளம்பினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சாப்பாட்டுக்கடை ஒன்றில் இடியப்பம், சொதி, சம்பல். முந்நூறு ரூபாய். சொதி எங்கள் ஊர்ச் சொதியைவிட நன்றாக இருந்தது, இதை என் மனைவியிடம் சொல்லப்போவதில்லை. சுவரில் புகைத்தல் தடை என்று கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவித்தல். காசாளரிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன்.

"எங்களுக்கென்ன அண்ணை, குளிரூட்டின கடை. இப்ப குடும்பம் குடும்பமா வருகினம்" என்றார். "கஷ்டப்பட்டது ஊர்ப்பக்கத்துச் சின்னக் கடையள்தான். கரவெட்டிப் பக்கம் போய்ப் பாருங்கோ."

எட்டரைக்கு 750ஆம் இலக்க பஸ். கரவெட்டிக்கு இறங்கவேண்டிய நெல்லியடி வரை நூற்றைம்பது ரூபாய். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று இருபுறமும் வாழையும் செம்மண்ணுமாக வந்து, வல்லை வெளியில் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போனது. அங்கே அடித்த காற்றில் முன் இருக்கைக்காரரின் பத்திரிகை என் மடிக்கு வந்து சேர்ந்தது. நெல்லியடியில் இறங்கி ஓட்டோ ஒன்றைப் பிடித்தேன். சாரதியின் பெயர் ரமணன், முப்பது வயதிருக்கும். சிகரெட் விற்காத தேத்தண்ணிக்கடைக்குப் போகவேண்டும் என்றேன்.

"உங்கை கன கடையள் அப்பிடித்தான். எந்தக் கடைக்கு?"

"ஆகலும் நட்டப்பட்ட கடைக்கு."

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப யோகக்கான்ரை கடைக்கு வாங்கோ. நட்டமோ லாபமோ தெரியாது, சண்டை நடந்த கடை அதுதான்."

முந்நூறு ரூபாய் தூரத்தில், ஒரு சந்தியில், தகரக் கூரையோடு அந்தக் கடை. உட்கார நான்கு மர வாங்குகள், வடையும் ரோல்ஸும் வைத்த கண்ணாடி அலுமாரி, வாசலில் ஒரு பனந்தூண். பின்னால் குசினியில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க யோகேஸ்வரி தேநீர் ஆற்றிக்கொண்டு நின்றார். ஊருக்கு அவர் யோகக்கா. இஞ்சி போட்ட பிளேன்ரீ அறுபது ரூபாய், உழுந்து வடை எண்பது. குடித்து முடித்தேன். எழும்பினேன். நேரே வாசலுக்குப் போய், சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, தூணில் கையை நீட்டினேன்.

தேநீர்க்கடைத் தூணில் தும்புக்கயிறு தொங்கும். அதன் நுனி காலையிலிருந்து கடை பூட்டும்வரை கனன்றுகொண்டே இருக்கும். பீடி, சுருட்டு, சிகரெட் எல்லாம் அதில்தான் பற்றவைப்பது. என் கடையிலும் ஒன்று இருக்கிறது. பார்க்காமலே கை அந்த உயரத்துக்குப் போய்விடும். இங்கே என் கையில் அகப்பட்டது குளிர்ச்சியாக, உருண்டையாக ஏதோ. கயிறு இருந்த ஆணியில் கதலி வாழைக்குலை தொங்கியது.

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யோகக்கா சிரிக்கவில்லை. "உடைச்சுச் சாப்பிடுங்கோ தம்பி. எல்லாருக்கும் உந்தக் கைப்பழக்கம் இருக்கு. கயிறைக் கழட்டினாப் பிறகும் ஆக்கள் வந்து தூணைத் தடவிக்கொண்டு நிண்டினம். பாக்கப் பாவமாக் கிடந்தது. அதாலை குலையைக் கொழுவினன்."

சிகரெட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஒரு பழத்தை உடைத்தேன். பிறகு இரண்டு மணித்தியாலம் அந்த வாங்கிலேயே இருந்து பார்த்தேன். வந்த ஆண்களில் பாதிப்பேர் தேநீர் முடிந்ததும் தூணுக்குக் கையை நீட்டி, ஒரு பழத்தோடு இறங்கிப் போனார்கள்.

ஏன் தடை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எனக்குச் சரியான இருமல். பெரியாஸ்பத்திரியிலை டொக்டர் நெஞ்சுப் படத்தைப் பாத்திட்டு, எத்தினை வருசமாப் பத்திறியள் அம்மா எண்டு கேட்டார். நான் என்ரை சீவியத்திலை ஒரு பீடி பத்தினதில்லைத் தம்பி. அண்டைக்குப் பின்னேரமே கயிறைத் தண்ணிக்கை போட்டன்."

முதல் மூன்று மாதம் வாங்குகள் காய்ந்து கிடந்தனவாம். காலையில் ஒரு தேநீரோடு ஒரு மணித்தியாலம் புகைவிட்டு அரசியல் பேசுகிற கூட்டம் முழுதாக வேறு சந்திக்கு இடம் மாறிவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட வருகிற தாய்மார் உள்ளே வந்து இருக்கத் தொடங்கினார்கள். குடித்ததும் எழும்பிப் போகிறவர்கள் என்பதால் இடமும் கெதியாகக் கிடைத்தது. கடைக்காரனாக எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. மனதுக்குள் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"அப்ப சண்டை?"

தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "என்ரை அண்ணையோடை. இந்தக் கடையைப் போட்டுத் தந்ததே அவர்தான், தன்ரை தோட்டத்துப் போயிலை வித்த காசிலை. சுருட்டும் வாயுமா வந்து உந்த வாங்கிலை இருப்பார். வெளியிலை நிண்டு பத்துங்கோ எண்டன். போயிலையிலை எழும்பின கடைக்குள்ளை எனக்கு இடமில்லையோ எண்டு கேட்டிட்டுப் போனவர். ஆறு மாசமாச்சு. இருமல் அடுப்புப் புகையாலை வந்ததாம், தன்ரை சுருட்டிலை பழி போடுறனாம். றோட்டாலை போகேக்கை நேர பாத்துக்கொண்டு போறார்." பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "அவர் வராட்டி இந்தக் கடை ஓடியும் எனக்கென்ன" என்றார். தூணில் கயிற்றை மறுபடி கட்டுவீர்களா என்று கேட்டேன். "அது நடவாது" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு, சொல்லிவைத்தபடி ரமணன் வந்தார். பயணப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓட்டோவில் ஏறினேன். கள்ளு விற்கிற தவறணையையும் பார்க்கவேண்டும் என்றேன். அங்கேயாவது என் கட்சிக்கு ஆள் கிடைக்கும் என்று எண்ணம். பனை ஓலையால் வேய்ந்த தவறணை அது. முகாமையாளர் என் கையில் இருந்த சிகரெட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"உள்ளை பத்தேலாது அண்ணை. மேலை பாருங்கோ, ஓலை. ரண்டு தரம் எரிஞ்சு, திரும்ப வேஞ்சது. உந்தத் தடை வந்தது எங்களுக்கு நிம்மதி."

இங்கேயும் தோல்வி. போத்தலோடு வெளியே பனை நிழலுக்கு வந்தேன். அங்கே அறுபதைத் தாண்டிய, நல்ல உயரமான ஒருவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். திருகோணமலை என்றும், யோகக்கா கடையில் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "இப்பவும் இஞ்சி போடுறாளோ?"

"ஓம்."

"இருமுறாளோ?"

அப்போதுதான் இவர்தான் அந்த அண்ணை என்று விளங்கியது. ரமணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் யோசித்தேன். காலையிலிருந்து அந்தப் பெண் தேநீர் ஆற்றினார், வடை சுட்டார், கதைத்தார்.

"ரண்டு மணித்தியாலம் இருந்தனான். ஒருக்காலும் இருமேல்லை."

"குசினியிலை காஸ் அடுப்பு வைச்சிட்டாளோ?"

"இல்லை. விறகடுப்புத்தான். நல்லா எரியுது."

நான் சொன்னது என்ன என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது: அடுப்பு அப்படியே எரிகிறது, சுருட்டுப் போனபின் இருமல்தான் நின்றுவிட்டது. அவர் கையில் இருந்த சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது அவருடைய போத்தலில் பாதிக் கள்ளு மிச்சம் இருந்தது.

நான்கு மணிக்குப் பையை எடுக்க மறுபடியும் யோகக்கா கடைக்குப் போனேன். வாங்குகள் நிறைந்திருந்தன. தவறணையில் நடந்ததை அவரிடம் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் சைக்கிள் வந்து நின்றது. வாங்கில் இருந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை சுருட்டைச் சைக்கிள் சக்கரத்தில் தேய்த்து அணைத்து, வெளி மதிலின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தன் பழைய வாங்கில் இருந்தார்.

"இஞ்சி போடட்டோ அண்ணை?" என்றார் யோகக்கா, ஏதோ நேற்றும் வந்தவரைக் கேட்பதுபோல.

"போடு."

யோகக்கா தேநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், வெளியூர்க்காரன்போல இருந்தது, உள்ளே வந்து இருந்து லைட்டரைத் தட்டினான். யோகக்கா திரும்புவதற்குள் அண்ணை எழும்பிவிட்டார்.

"தம்பி, இஞ்சை பத்துறேல்லை. வெளியிலை போய்ப் பத்திப்போட்டு வாரும். இது என்ரை தங்கச்சியின்ரை கடை."

குரல் சந்திவரை கேட்டிருக்கும். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனான். யோகக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அண்ணை தேநீரை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தார். பார்க்காமலே தூணுக்குக் கையை நீட்டினார். கையில் பழம் பட்டதும் ஒரு கணம் திகைத்து, அண்ணாந்து குலையைப் பார்த்தார். பிறகு இரண்டு பழங்களை உடைத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது.

ஐந்தரைக்கு நெல்லியடியில் யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். மடியில், வரும் வழியில் சந்தையில் வாங்கிய கதலிக்குலை. சின்னக் குலைதான், ஆனாலும் பக்கத்து இருக்கையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. கொண்டக்டர் பார்த்துவிட்டு, "உதுக்கும் ரிக்கற் எடுக்கோணும் அண்ணை" என்று பகிடி விட்டார்.

"எடுங்கோ" என்றேன். "திருகோணமலை வரைக்கும் போற குலை. அங்கை என்ரை கடைத் தூணிலை ஒரு ஆணி காத்துக்கொண்டிருக்கு."