ஹெல்மியின் படகுக்கு ஓர் இடம்

ஹெல்மி கெட்டோலா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் முப்பத்தோரு வருடம் பனியிலும் வழுக்கலிலும் ஓட்டியவள், யாரிடமும் உதவி என்று வாய் திறந்ததில்லை. புருஷன் செத்த வாரம்கூட விறகைத் தானே பிளந்து அடுக்கினாள். அந்த ஊரில் குடியேறிய பின்லாந்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். உதவி கேட்பது கேவலம், கேட்காதவருக்குப் போய் உதவுவது அதைவிடக் கேவலம். நல்ல வழக்கம் போங்கள்!

அவள் ஆசை ஆசையாய் வாங்கியது ஒன்றே ஒன்று, இருபத்திரண்டு அடி மரப்படகு. பன்னிரண்டு குளிர்காலம் அது பக்கத்து வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது. இந்த வருடம் அந்த வீட்டைப் புதிதாய் வாங்கியவர்கள் கொட்டகையை இடித்துவிட்டார்கள். வெளியே தார்ப்பாயைப் போர்த்தி விடலாமென்றால், ஆளுயரத்துக்குப் பனி ஏறும். படகின் மேல்பலகை ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஒரே குளிர்காலம், படகு தொலைந்தது.

மிச்சமிருந்தது பொருட்காட்சி மைதானத்து மாட்டுக்கொட்டகைதான். ஆகஸ்டில் காட்சிக்கு வரும் மாடுகள், அக்டோபரில் பனிக்கு ஒதுங்கும் படகுகள். காவலாளி ரெய்னோ சாரி நெருக்கி அடுக்கிக் கதவை மூடினால் மே மாதம்தான் திறப்பான். தினமும் இரண்டு தடவை அந்த வழியாகப் பேருந்தில் போனாள் ஹெல்மி. ஒவ்வொரு படகாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் இறங்கிக் கேட்கவில்லை. என்ன பிடிவாதமோ!

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். சனிக்கிழமை காலை மானத்தை விழுங்கிக்கொண்டு போய் நின்றாள். ரெய்னோ கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரெய்னோ, உள்ள இடம் ஏதாச்சும் இருக்கா?"

"யாருக்கு?"

"என் படகுக்குத்தான். பின்ன, உன் மாமியாருக்கா?"

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தான். உள்ளே ஈ நுழைய இடமில்லை. வாசலோரம் மட்டும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சரியாக ஒரு படகு அளவுக்குக் காலியாக இருந்தது.

"இது யாருக்கு வச்சிருக்கே?"

"உன் பக்கத்து வீட்டுக் கொட்டகைய இடிச்சதுலேருந்து, மூணு வாரமா உனக்குத்தான். நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். அதுல ஒருத்தன் என் மச்சான், பேச்சையே நிறுத்திட்டான்."

"அடப்பாவி! தினம் இந்தப் பக்கந்தானே போறேன்? வண்டிய நிறுத்திச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல!"

"நீ கேக்காம நான் எப்படிச் சொல்றது? 'எனக்குப் பரிதாபப்பட இவன் யாரு'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருப்பே."

திருப்பிக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கே தெரியும். வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மதியத்துக்குள் படகை வண்டியில் கட்டி இழுத்து வந்து, ஒரே முயற்சியில் வண்டியைப் பின்னால் ஓட்டிப் படகைக் கோட்டுக்குள் நிறுத்தினாள். ரெய்னோ கதவைச் சாத்தினான். ஆனால் நகரவில்லை. தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"ஹெல்மி... வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில. கூட்டிட்டுப் போக ஆளில்ல. ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டேன்."

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டாள் ஹெல்மி.